ராத்திரி எங்க நங்கூரம் போடறது? கரையோரமா பாய்மரப் படகுல போறவங்களுக்கு ஒரு நீளமான பதில்

கேள்வி இதுதான்: 30 அடி பாய்மரப் படகுல கரையை ஒட்டியே நாலஞ்சு நாள் போகலாம்னு இருக்கோம், ராத்திரி எங்க நிறுத்தறதுன்னு எப்படி முடிவு பண்றது, சார்ட் (கடல் வரைபட) ஆப்ல நங்கூரக் குறி போட்ட இடத்தையெல்லாம் நம்பிப் போகலாமா, செயின் எவ்வளவு விடணும்.

இதை ஒரு வரில சொல்லி முடிக்க முடியாது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல அந்தக் குறி. ஆப்ல நங்கூரக் குறி இருந்தா அங்க படகு நிறுத்தற வழக்கம் இருக்கு, ஆழமும் அடித்தரையும் ஓரளவுக்கு ஒத்துவரும்னு எடுத்துக்கலாம், அவ்வளவுதான். அங்க தங்கினவங்க எந்தக் காத்துல தங்கினாங்க, அன்னைக்கு அலை எந்தப் பக்கம் இருந்து வந்துச்சு, நடுராத்திரில நங்கூரத்தைத் தூக்கிட்டு ஓடினாங்களா, இதெல்லாம் குறில தெரியாது. மேற்குக் காத்துல தண்ணி அசையாம கிடக்கிற அதே குடா, காத்து கிழக்குக்குத் திரும்பின ரெண்டு மணி நேரத்துல உள்ள இருக்கிற படகையெல்லாம் கரைல ஏத்திடும். அதனால "இந்த இடம் பாதுகாப்பா"ன்னு யாராவது கேட்டா நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணுதான், எந்தக் காத்துக்கு? எட்டுத் திசையும் அடைஞ்ச குடா உலகத்துல எங்கயுமே கம்மி, இருக்கிறதும் அனேகமா நிரம்பி வழியும். மீதி எல்லா இடமும் சில திசைக்கு மறைவு, சில திசைக்குத் திறப்பு. எது எதுக்குன்னு போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கறதுதான் பாதி வேலை.

அதுக்கு நான் பண்றது ரொம்ப எளிமையான விஷயம். சார்ட்ல நிறுத்த நினைக்கிற புள்ளில இருந்து எட்டுத் திசைக்கும் கோடு போட்டுப் பாருங்க, ஒவ்வொரு கோடும் எவ்வளவு தூரத்துல நிலத்தைத் தொடுதுன்னு எழுதுங்க. அரை கடல் மைலுக்குள்ள தொட்டா அந்தத் திசைக் காத்துல பெரிய அலை கிளம்ப இடமே இல்ல. ரெண்டு கடல் மைல் திறந்த தண்ணி இருந்து 25 நாட்ஸ் (மணிக்கு சுமார் 46 கிலோமீட்டர்) காத்து அடிச்சா அரை மீட்டருக்குக் கிட்ட குட்டையா செங்குத்தா அலை எழும்பும், 30 அடிப் படகுல தூக்கம் கெடறதுக்கு அதுவே போதும். கோடு எங்கயுமே தொடாம கடலுக்குள்ள போயிட்டே இருந்தா அந்தத் திசைல இருந்து காத்து வர வாய்ப்பிருக்கிற ராத்திரில அங்க இருக்கவே கூடாது. இந்தச் சின்ன அட்டவணையை வழில வர்ற ஒவ்வொரு குடாவுக்கும் வீட்டுல உக்காந்தே பண்ணி வச்சிருந்தீங்கன்னா படகுல களைச்சுப் போய் இருக்கும்போது யோசிக்க வேண்டியது பாதியாக் குறைஞ்சிடும்.

அடுத்தது, போய்ச் சேர்ற நேரத்துக் காத்தைப் பாத்து இடம் பிடிக்காதீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இதமா ஒரு காத்து, குடா அழகா இருக்கு, நங்கூரத்தைப் போட்டாச்சு, ஆனா நீங்க தூங்கப்போறது ராத்திரி ரெண்டு மணிக் காத்துலயும் விடியக்காலை ஆறு மணிக் காத்துலயும். நல்ல வெயில் காலத்துல பகல்ல கடல்ல இருந்து கரைக்கு அடிக்கிற காத்து பொழுது சாஞ்சதும் செத்துப்போய், ராத்திரில கரைல இருந்து கடலுக்கு மெல்லமா திரும்பும். அந்த மாதிரி நாள்ல மத்தியானம் கொஞ்சம் ஆட்டமா இருந்த இடம் ராத்திரி அமைதியாயிடும். ஆனா ஒரு ஃப்ரன்ட் (வெப்பமான காத்தும் குளிர்ந்த காத்தும் மோதற எல்லை) வருதுன்னு வானிலை அறிக்கை சொன்னா கதை வேற. வடக்கு அரைக்கோளத்து மிதவெப்பக் கடல்கள்ல ஃப்ரன்ட் தாண்டும்போது தென்மேற்குல அடிச்சிட்டிருந்த காத்து சட்டுனு வடமேற்குக்குத் தாவும், தெற்கு அரைக்கோளத்துல அதே மாதிரி வடமேற்குல இருந்து தென்மேற்குக்கு. முதல் பாதி ராத்திரிக்கு மறைவா இருந்த குடா ரெண்டாவது பாதிக்குத் திறந்த வாசலாயிடும். எப்ப தாவும்னு அறிக்கைல நேரம் போட்டிருப்பாங்க, ஆனா ரெண்டு மூணு மணி நேரம் முன்னப்பின்ன ஆகும்னு வச்சுக்கிட்டு, ரெண்டு திசைக்கும் தாங்கற இடமா பாருங்க. அப்படி இடம் கிடைக்கலன்னா முதல் காத்துக்குக் கொஞ்சம் ஆட்டமா இருந்தாலும் பரவாயில்ல, ரெண்டாவதுக்கு மறைவா இருக்கிற இடத்தை எடுங்க, ஏன்னா மாறி வர்ற காத்துதான் பெரும்பாலும் பலமா இருக்கும், அதுவும் இருட்டுல வரும்.

போன்ல பாக்கிற காத்து மேப்பைப் பத்தியும் ஒரு வார்த்தை. ஜிஎஃப்எஸ் மாதிரி உலக அளவிலான வானிலை மாடல் எல்லாம் கடலையும் நிலத்தையும் பல கிலோமீட்டர் அகலமான கட்டமா வெட்டித்தான் கணக்குப் போடுது, உங்க குடாவுக்குப் பின்னாடி நிக்கிற 400 மீட்டர் மலை அதுக்கு ஒரு சின்ன மேடு கூட கிடையாது. அதனால மேப்ல 12 நாட்ஸ்னு காட்டற ராத்திரில மலைச்சரிவுல குளிர்ந்த காத்து கீழ இறங்கி 30 நாட்ஸ்ல படகை அடிக்கலாம். உயரமான மலைக்குப் பின்னாடி மறைவு அதிகம்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, அலைக்கு அது சரி, காத்துக்கு அப்படி இல்ல. ஏஜியன் கடல்ல கோடைல அடிக்கிற மெல்டெமி வடக்குக் காத்து, அதுக்குப் பயந்து உயரமான தீவோட தெற்குப் பக்கம் போய் ஒதுங்கினா தண்ணி தட்டையா இருக்கும், ஆனா மலை மேல ஏறி வழிஞ்சு விழற காத்து வெளிக்கடல்ல இருக்கிறதை விட மோசமா, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் மறு நிமிஷம் அந்தப் பக்கம்னு அறைஞ்சு தள்ளும். தாழ்வான நிலத்துக்குப் பின்னாடி நின்னா காத்து ஒரே சீரா வரும், நங்கூரம் ஒரே திசைல இழுபடும், படகும் அமைதியா கிடக்கும். என்னைக் கேட்டா உயரமான பாறைச்சுவரை விட தாழ்வான மணல் திட்டுக்குப் பின்னாடி இருக்கிறதுதான் நல்லது.

இடி மழை இன்னும் தந்திரமானது. 2022 ஆகஸ்ட் 18 காலைல கோர்சிகா தீவுல அடிச்ச புயல்ல காத்து மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டுச்சு, நல்ல கோடைகாலம், குடா குடாவா படகு நின்னுட்டிருந்துச்சு, அவ்வளவு பலமா வரும்னு மாடல் முன்கூட்டிச் சரியா பிடிக்கல, நிறைய படகு கரைல தூக்கி வீசப்பட்டுச்சு. அந்த அளவு காத்துக்கு எந்த நங்கூரமும் உத்தரவாதம் தராது. ஆனா அறிக்கைல இடி மழை வாய்ப்புன்னு ஒரு வரி இருந்தாலே அன்னைக்கு ராத்திரி வழக்கத்தை விட செயினை நீளமா விடறது, பக்கத்துப் படகுல இருந்து தள்ளி நிக்கிறது, டெக் மேல லூஸா கிடக்கிறதைக் கட்டி வைக்கிறது, இதெல்லாம் காசு செலவில்லாத வேலைதானே.

இப்ப ஸ்வெல். புதுசா வர்றவங்க காத்தை மட்டும் பாத்துட்டு இதைக் கோட்டை விடறாங்க, அதனால இதுல கொஞ்ச நேரம் நிக்கறேன். ஸ்வெல்னா தூரத்துல எங்கயோ அடிச்ச புயல்ல கிளம்பி, காத்து நின்ன பிறகும் நாள் கணக்கா ஓடி வர்ற நீளமான அலை. காத்துக்கு, கடலுக்குள்ள நீட்டிட்டிருக்கிற நில முனை மறைச்சா மறைச்சதுதான், ஸ்வெல் அப்படி இல்ல, அது முனையைச் சுத்தி வளைஞ்சு உள்ள வரும். ஏன்னா அலை தன்னோட நீளத்துல பாதி ஆழம் வந்ததுமே தரையை உணர ஆரம்பிக்குது, ஆழம் கம்மியான பக்கம் வேகம் குறையுது, ஆழமான பக்கம் அதே வேகத்துல ஓடுது, அதனால அலை வரிசை மொத்தமா கரைப் பக்கம் திரும்புது. 6 செகண்டுக்கு ஒண்ணா வர்ற அலைக்கு நீளம் சுமார் 56 மீட்டர், அது 28 மீட்டர் ஆழத்துலதான் தரையைத் தொடும். 12 செகண்டுக்கு ஒண்ணா வர்றதுக்கு நீளம் கிட்டத்தட்ட 225 மீட்டர், அது 110 மீட்டர் ஆழத்துலயே திரும்ப ஆரம்பிச்சிடும். அதாவது அறிக்கைல ஸ்வெல் உயரம் 1 மீட்டர்தானேன்னு நிம்மதியாயிடாதீங்க, பக்கத்துல பீரியட் (ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல இருக்கிற நேரம்) எவ்வளவுன்னு பாருங்க, 12, 14 செகண்டுன்னு இருந்தா உங்க முனை அதை முழுசா நிறுத்தாது.

உள்ள வந்த ஸ்வெல் சின்னதா, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இருக்கும். பிரச்சனை என்னன்னா படகு காத்தைப் பாத்து நிக்கும், ஸ்வெல் பக்கவாட்டுல வரும், ரெண்டுக்கும் நடுவுல படகு ராத்திரி பூரா இடமும் வலமுமா உருளும். தட்டு உருளும், கதவு அடிக்கும், பாய்மரக் கயிறு கம்பத்துல டக் டக்னு தட்டும், ஆபத்து ஒண்ணும் இல்ல, ஆனா தூங்காத ஆள் மறுநாள் தப்பா முடிவெடுப்பான், அது ஆபத்துதான். இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, முனைக்குப் பின்னாடி முடிஞ்ச அளவு உள்ள ஒட்டிப் போறது, குடாவோட நடுவுக்கும் மூலைக்கும் வித்தியாசம் நிறைய, 200 மீட்டர் நகர்ந்தாலே ஆட்டம் பாதியாகும். ரெண்டாவது, படகோட முகத்தை ஸ்வெல் பக்கம் திருப்பி வைக்கிறது. பின்பக்கம் ஒரு சின்ன நங்கூரம் போட்டு இழுத்து நிறுத்தலாம், இல்லன்னா நங்கூரச் செயின்ல ஒரு கயிறைக் கட்டி அதைப் பின்பக்க வின்ச்சுக்கு (கயிறைச் சுத்தி இறுக்கற உருளைக்கு) கொண்டுவந்து, செயினைக் கொஞ்சம் விட்டு கயிறை இறுக்கினா படகு காத்துக்குச் சாய்வா நின்னு ஸ்வெல்லை நேருக்கு நேர் வாங்கும். காத்து பலமாச்சுன்னா இந்தக் கட்டை உடனே அவுத்துடணும், பக்கவாட்டுல காத்தை வாங்கிட்டு நின்னா நங்கூரத்துக்குச் சுமை அதிகம்.

குடாக்குள்ள நுழையும்போது கரையை நல்லா பாருங்க, ஸ்வெல் எங்க போய் அடிக்குதுன்னு கரையே காட்டிக் கொடுக்கும். ஒரு மூலைல காஞ்ச பாசியும் மரக்கட்டையும் பிளாஸ்டிக்கும் குவிஞ்சு கிடந்தா அலை அங்க வந்து முடியுதுன்னு அர்த்தம். ஒரே கடற்கரைல ஒரு பக்கம் கூழாங்கல்லும் செங்குத்தான சரிவுமா இருக்கும், இன்னொரு பக்கம் மாவு மாதிரி நைசான மணல் தட்டையா இருக்கும், அந்த நைஸ் மணல் பக்கம்தான் அமைதி. முனைல இருக்கிற மரமும் புதரும் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு, உள்ளூர் மீனவங்க சின்னப் படகை எந்த மூலைல கட்டி வச்சிருக்காங்க, இதையும் கவனிங்க. வருஷம் பூரா படகை தண்ணிலயே விட்டு வைக்கிறவங்க இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்க மாட்டாங்க.

பாறைத் திட்டு மறைவுல நிக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணி வத்தி இருக்கும்போது திட்டு வெளில தெரியும், அலை எல்லாம் அதுல உடையும், உள்ள குளம் மாதிரி கிடக்கும். ஏத்தத்துல அதே திட்டுக்கு மேல ஒண்ணரை மீட்டர் தண்ணி நிக்கும், அலை அது மேலயே தாண்டி உள்ள வரும். அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்குப் படகு குதிக்கும். அதனால போய்ச் சேரும்போது ஏத்தமா வத்தமான்னு பாத்துட்டுத்தான் அந்த அமைதியை நம்பணும்.

அடித்தரைக்கு வரேன். மணலும் கெட்டியான சேறும் நல்லது. ரொம்ப இளகின சேறுல நங்கூரம் வெண்ணெய்ல கத்தி இழுக்கிற மாதிரி வந்துடும், பெரிய தகடு இருக்கிற நங்கூரமும் பொறுமையும் வேணும், போட்டதும் கால் மணி நேரம் அப்படியே விட்டு அமிழ விடணும், அப்புறம்தான் இழுத்துப் பாக்கணும். பாசி படர்ந்த தரை மோசம், நங்கூரம் வேரைப் பிடிச்சிட்டு நிக்கிற மாதிரி காட்டும், காத்து ஏறினதும் கொத்தோட பிடுங்கிட்டு வரும். பாறைல மாட்டினா நல்லா பிடிக்கும், காத்து திரும்பினா கழண்டுடும், இல்லன்னா கழலவே கழலாது. பவளப்பாறைல போடவே போடாதீங்க, செயின் ஒரு தடவை சுத்தி அரைச்சா பல வருஷம் வளர்ந்தது ஒரே ராத்திரில பொடியாயிடும். மத்தியதரைக் கடல்ல பொசிடோனியாங்கிற கடல்புல் இருக்கு, பலேரிக் தீவுகள்ல அது மேல நங்கூரம் போடறதே சட்டப்படி குத்தம், அந்தப் பக்கம் போறவங்க ஆப்ல அந்த லேயரைப் போட்டுப் பாத்துட்டு வெள்ளையா தெரியற மணல் திட்டுல போடணும். சார்ட்லயே தரை என்னன்னு ஒண்ணு ரெண்டு எழுத்துல குறிச்சிருப்பாங்க, மணலுக்கு எஸ், சேறுக்கு எம், பாறைக்கு ஆர், பாசிக்கு டபிள்யூடி. அந்தக் காலத்துல ஆழம் பாக்கிற ஈயக்குண்டோட அடிக்குழில கொழுப்பைத் தடவி இறக்குவாங்க, மேல தூக்கும்போது அதுல ஒட்டிட்டு வர்ற மணலையோ சேறையோ பாத்துத்தான் தரையைத் தெரிஞ்சுக்கிட்டாங்க, சார்ட்ல இருக்கிற பல எழுத்து அப்படி வந்ததுதான். அதனால சில இடத்துல அளவு எடுத்தே நூறு வருஷத்துக்கு மேல ஆகியிருக்கும். ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பாத்தா கோடு துல்லியமா தெரியும், ஆனா பெருசாக்கறதால தகவல் கூடாது, எப்ப அளந்ததுன்னு சார்ட்ல குறிப்பு இருக்கும், அதைப் படிங்க.

செயின் கணக்கு. கேட்டிருந்தீங்க, முழுசா சொல்றேன். ஆழத்துக்கு அஞ்சு மடங்குன்னு எல்லாருக்கும் தெரியும், எந்த ஆழத்துக்குன்றதுலதான் தப்பு நடக்குது. போட்ட நேரத்து ஆழம் கணக்குல வராது, ராத்திரி வரப்போற உச்ச ஏத்தத்து ஆழமும், தண்ணில இருந்து, செயின் ஓடற படகு முன்பக்க ரோலர் வரைக்கும் இருக்கிற உயரமும் சேர்த்துத்தான் எடுக்கணும். ஒரு உதாரணம்: இப்ப ஆழம் 4 மீட்டர், ஏத்த அட்டவணைப்படி இன்னும் 1.5 மீட்டர் ஏறும், ரோலர் உயரம் 1 மீட்டர், மொத்தம் 6.5. கயிறு இல்லாம முழுக்கச் செயின்னா அஞ்சு மடங்கு, 32, 33 மீட்டர். காத்து ஏறும்னு தெரிஞ்சா ஏழு மடங்கு, 45 மீட்டர். கொஞ்சம் செயின் மீதி கயிறுன்னு இருந்தா அமைதியான ராத்திரிலயே ஏழுல இருந்து ஆரம்பிங்க. இதோட இன்னொரு பக்கமும் பாக்கணும், இப்ப இருக்கிறதுல இருந்து தண்ணி 0.7 மீட்டர் இறங்கும்னா கடைசில 3.3 மீட்டர்தான் இருக்கும், கீல் (படகுக்கு அடில தண்ணிக்குள்ள நீட்டிட்டிருக்கிற கனமான தகடு) 1.6 மீட்டர் போயிட்டா அடில 1.7 மீட்டர், சரி, தங்கலாம். ஆழம் காட்டற உங்க எக்கோ சவுண்டர் நீர்மட்டத்துல இருந்து காட்டுதா, கீலுக்குக் கீழ இருந்து காட்டுதான்னு முதல்லயே சரிபார்த்து வச்சுக்கோங்க, அது தெரியாம இந்தக் கணக்கு எதுக்கும் உதவாது.

ஏத்தம் வத்தம் இடத்துக்கு இடம் மாறும். மத்தியதரைக் கடல்ல பெரும்பாலான இடத்துல அரை மீட்டர் கூட இருக்காது, கனடால ஃபண்டி விரிகுடால 16 மீட்டர் வரைக்கும் போகும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்கற இடத்துல மனக்கணக்குக்கு பன்னிரண்டுல ஒண்ணு விதி இருக்கு, ஆறு மணி நேரத்துல முதல் மணில மொத்த ஏத்தத்துல 12-ல் 1 பங்கு, அப்புறம் 2, 3, 3, 2, 1 பங்கு. நடு ரெண்டு மணி நேரத்துல மட்டும் பாதி ஏறிடும். தோராயம்தான், ஆனா அட்டவணை கைல இல்லாதப்ப நிறைய உதவும்.

ஏன் இவ்வளவு நீளம்னா, நங்கூரத்தை தரையோட கிடையா இழுத்தாத்தான் அது தோண்டி உள்ள போகும், மேல் பக்கமா இழுத்தா பிடுங்கிட்டு வந்துடும். லேசான காத்துல செயினோட எடையே அதைத் தரைல படுக்க வச்சிடும். காத்து ரெட்டிப்பானா தள்ளற விசை நாலு மடங்காகும், 15 நாட்ஸ்ல சுகமா கிடந்த செயின் 30 நாட்ஸ்ல முழுசா தூக்கி நேர்க்கம்பியாயிடும். அப்ப குலுக்கலை வாங்க செயினுக்குச் சக்தி இல்ல, அதனால நைலான் கயிறுல ஒரு ஸ்னபர், ஒரு 8, 10 மீட்டர், செயின்ல கொக்கி போட்டு மாட்டி படகுல வலுவான கிளீட்ல (கயிறு கட்டற கொம்புல) கட்டுங்க. சுமை எல்லாம் இழுபடற கயிறுல போகும், வின்ட்லாஸ் மேல எப்பவும் சுமையை விடாதீங்க, அது தூக்கறதுக்கான மெஷின், பிடிச்சு நிறுத்தறதுக்கு இல்ல. நங்கூரம் எதுன்னு கேட்டா, 1933-ல இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் வடிவமைச்ச சிக்யூஆர் பல தலைமுறைக்கு நல்லா உழைச்சது, ஆனா இன்னைக்கு வாங்கறதா இருந்தா ரோக்னா, ஸ்பேட் மாதிரி குழிவான கூர்முனை நங்கூரம் சீக்கிரமா தோண்டும், காத்து திரும்பினா தானா திரும்பிப் பிடிக்கும். உங்க படகு நீளத்துக்குன்னு பட்டியல் சொல்ற அளவை விட ஒரு அளவு பெருசா எடுங்க.

போடற விதம். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரணும், பொழுது சாயறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போனா, இடம் சரியில்லன்னா அடுத்த குடாவுக்குப் போக நேரம் இருக்கும். தெளிவான தண்ணி, பாறை இருக்கிற இடம்னா சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கிற மாதிரி நுழையணும், போலரைஸ்டு கண்ணாடி போட்ட ஒருத்தர் முன்னாடி நிக்கணும். முதல்ல படகை மெதுவா ஒரு வட்டம் ஓட்டுங்க, நங்கூரத்தைச் சுத்தி படகு ஆடப்போற வட்டம் பூரா ஆழம் இருக்கான்னு பாருங்க. அப்புறம் காத்துக்கு முகம் காட்டி படகு முழுசா நின்ன பிறகு நங்கூரத்தை இறக்கணும், தரையைத் தொட்டதும் காத்து படகைப் பின்னாடி தள்ளத் தள்ள செயினை விடணும், ஒரேயடியா கொட்டினா நங்கூரம் மேலயே குவியலா விழுந்து சிக்கிக்கும். ஆழத்துல மூணு மடங்கு போனதும் ஒரு நிமிஷம் பிடிச்சு நிறுத்தி கவ்வ விடுங்க, அப்புறம் மீதியை விடுங்க.

கடைசில இன்ஜினை ரிவர்ஸ்ல போட்டு மெதுவா வேகத்தை ஏத்துங்க, அப்ப ஒரு கையை செயின் மேல வைங்க. இதைச் சொல்லிக் கொடுத்தா போதும், பாதி பயம் போயிடும். நங்கூரம் பிடிச்சிருந்தா செயின் நீண்டு இறுகும், அதிர்வே இல்லாம கம்பி மாதிரி நிக்கும், படகு பின்னாடி போய் நின்னு, இன்ஜினைக் குறைச்சதும் தானா கொஞ்சம் முன்னாடி வரும். இழுபடுதுன்னா கைல கடகடன்னு தெரியும், இறுகும், தளரும், மறுபடி இறுகும். அதே நேரம் பக்கவாட்டுல கரைல ரெண்டு பொருளை, ஒரு பாறையும் பின்னாடி ஒரு மரமும்னு வச்சுக்கோங்க, ஒரே நேர்ல வச்சுப் பாருங்க, முழு ரிவர்ஸ்லயும் அந்த ரெண்டும் நேர்ல இருந்து விலகலன்னா நீங்க நகரல. விலகிட்டே இருந்தா யோசிக்காம தூக்கிட்டு மறுபடி போடுங்க, மூணாவது தடவையும் பிடிக்கலன்னா அந்தத் தரை சரியில்ல, இடத்தை மாத்துங்க.

பக்கத்துப் படகு விஷயத்துல முதல்ல வந்தவருக்குத்தான் உரிமை, பிந்தி வந்தவர்தான் விலகணும், ராத்திரி நீங்க அவர் மேல ஆடிப் போய் இடிச்சா பொறுப்பு உங்களுதுதான். எல்லாரும் ஒரே மாதிரி ஆடினா இடிக்காது, ஆனா ஆட மாட்டாங்க. ஆழமான கீல் இருக்கிறது நீரோட்டத்துக்குத் திரும்பும், ரெட்டை உடல் இருக்கிற கேட்டமரான் காத்துக்குத் திரும்பும், கயிறுல நிக்கிறது செயின்ல நிக்கிறதை விட அதிகமா அலையும். போய்ச் சேர்ந்ததும் "எவ்வளவு விட்டிருக்கீங்க, நங்கூரம் எங்க கிடக்கு"ன்னு ஒரு குரல் கொடுத்துக் கேளுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. இருட்டினதும் எல்லாப் பக்கமும் தெரியற வெள்ளை விளக்கு, பகல்ல முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து, சர்வதேச மோதல் தடுப்பு விதில 30-ஆவது விதி அதைத்தான் கேக்குது. படகு வட்டத்தை விட்டு நகர்ந்தா சத்தம் போடற நங்கூர அலாரத்தை நங்கூரம் தரையைத் தொட்ட அந்த நொடில குறிச்சு வைங்க, செயின் விட்டு முடிச்சு டீ குடிச்ச பிறகு வச்சா வட்டத்தோட மையம் தப்பாயிடும்.

வெளியேற வழி. இதுக்கு கபோ சான் லூகாஸ்ல நடந்ததைத்தான் எப்பவும் சொல்லுவேன். 1982 டிசம்பர், மெக்சிகோல பாஹா முனைல இருக்கிற குடா, அங்க வழக்கமான காத்துக்கு அருமையான மறைவு, அதனால நிறைய படகு. கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே ஆழம் விறுவிறுன்னு இறங்கிடும், அதனால எல்லாரும் கரையை ஒட்டி நெருக்கமா நின்னாங்க. புயல் திறந்த பக்கமான தென்கிழக்குல இருந்து வந்துச்சு. ஒண்ணோட நங்கூரம் இழுபட்டு இன்னொண்ணு மேல போக, ராத்திரியோட ராத்திரியா ரெண்டு டஜனுக்கு மேல படகு மணல்ல ஏறிடுச்சு. உலகத்தைச் சுத்தின பெர்னார்ட் மொய்டெசியே, அவரோட ஸ்டீல் படகு ஜோஷுவா, அதுவும் அதுல ஒண்ணு. அந்த மனுஷனுக்குக் கடல் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. அந்தக் காத்துக்கு அந்த இடம் மறைவே கிடையாது, அதுவும் அலை உள்ள அடிக்க ஆரம்பிச்சிட்டா கரைக்கும் பக்கத்துப் படகுக்கும் நடுவுல நங்கூரத்தைத் தூக்கிட்டுத் திரும்ப இடமும் இருக்காது.

அதனால ஒவ்வொரு சாயங்காலமும் வெளிச்சம் போறதுக்குள்ள நாலு விஷயம் பண்ணி வைங்க. எந்த திசைக் காத்து எவ்வளவுக்கு மேல போனா கிளம்பறதுன்னு முடிவு பண்ணி எல்லாருக்கும் சொல்லி வைங்க, ராத்திரி மூணு மணிக்கு விவாதம் வேண்டாம். உள்ள வந்த ஜிபிஎஸ் தடத்தை அழிக்காம வைங்க, அதே தடத்துல இருட்டுலயும் வெளில போகலாம். வெளில போக வேண்டிய காம்பஸ் திசையை ஒரு பேப்பர்ல எழுதி ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டுங்க, ஸ்கிரீன் அணைஞ்சாலும் அது இருக்கும். டிங்கியை (கரைக்குப் போய் வர்ற சின்னப் படகை) தூக்கிக் கட்டிடுங்க. காத்து திரும்ப ஆரம்பிச்ச உடனே கிளம்பறது சுலபம், அலை வந்த பிறகு கஷ்டம். எங்கயுமே நல்ல இடம் இல்லன்னா கரைல இருந்து பல மைல் தள்ளிப் போய், ஹீவ் டூ பண்ணி (பாயையும் சுக்கானையும் எதிரெதிரா வச்சு படகைக் கிட்டத்தட்ட நிறுத்தி) ரெண்டு பேர் மாத்தி மாத்தி காவல் இருந்து ராத்திரியைக் கழிக்கிறது, சந்தேகமான குடால நிக்கிறதை விட எவ்வளவோ பத்திரம். கப்பல் போற பாதையை விட்டு விலகி இருந்தா போதும். கரையைப் பக்கத்துல பாத்தா மனசுக்கு தைரியமா இருக்கும், ஆனா படகை உடைக்கிறது கரைதான்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நாள் இதுக்குன்னே ஒதுக்குங்க. காத்து லேசா இருக்கிற காலைல, மணல் தரை, தண்ணி தெளிவா இருக்கிற ஒரு இடத்துக்குப் போங்க. 3 மீட்டர்ல ஒரு தடவை, 6 மீட்டர்ல ஒரு தடவை, ஆள் மாத்தி ஆள் போட்டுத் தூக்கிப் பழகுங்க, முன்னாடி நிக்கிறவருக்கும் ஸ்டீயரிங்ல நிக்கிறவருக்கும் கத்தாம கையால ஜாடை பேசிக்கப் பழகுங்க. அப்புறம் மாஸ்க் போட்டு செயினைத் தொடர்ந்து நீந்திப் போய் நங்கூரத்தைப் பாருங்க. தகடு முழுக்க மணலுக்குள்ள புதைஞ்சு தண்டு மட்டும் வெளில தெரிஞ்சு, பின்னாடி இழுபட்ட பள்ளம் ஒண்ணு ரெண்டு மீட்டருக்குள்ள முடிஞ்சிருந்தா நல்லா பிடிச்சிருக்கு. பக்கவாட்டுல சாஞ்சு ஒரு முனை மட்டும் மணல்ல குத்திட்டிருந்தா மேல வந்து இன்னும் கொஞ்சம் ரிவர்ஸ் கொடுத்துட்டு மறுபடி போய்ப் பாருங்க.